எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?



சென்ற இதழில் பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் பற்றி எழுதியிருந்தேன். கடிதம் எழுதிய தாய்மார்களுக்கு நன்றி. இம்முறை பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களிடம் வருகிறேன். எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் கசப்பானது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் இதைப் படிக்க மனம் ஒப்பாதவர்கள் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் படியுங்கள். படிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உயில். அதுதான் விஷயம்.

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குப் பழைய சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். பெரிய பங்களா, படுக்கையில் இருமிக்கொண்டிருக்கும் ஜமீன்தார், கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல், கதவுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்கும் மைத்துனன். ‘அதெல்லாம் பணக்காரர்கள் சமாசாரம். எழுதி வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியைக்குக் கணக்குப் போடாமல் எதையும் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளத்துக்குத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 13 விழுக்காடும் ஊழியர் சேமநிதியில் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மாதம் ஏறத்தாழ 408 வெள்ளி. வருடத்துக்கு 4,900 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. சம்பளம் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை, ஆண்டு இலாபம் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை, நடுவில் எதையும் எடுக்கவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், இருபது வருடத்தில் 98,000 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கும், தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும் இதுதான் கணக்கு. இதோடு தவணை கட்டி வாங்கிய மலிவு விலை வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், பேங்குப் புத்தகம், அமானா சஹாம் புத்தகம், ஒரு காப்புறுதி, பீரோவில் கொஞ்சம் நகை, அடகுக் கடையில் மீதி நகை. இவையெல்லாம் சேர்ந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லலாமா?

நம்மவர்களுக்கு எழுதி வைக்கும் பழக்கம் இல்லாததற்குச் சாவைப் பற்றிய பயம் மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். நம் தாத்தா பாட்டிகளுக்கு உண்மையிலேயே எழுத ஒன்றும் இருக்கவில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கொல்லையில் போட்ட மரவள்ளியும் நட்ட முருங்கையும்கூட நிலத்தோடு தோட்டத்துக்கே போய்விடும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஒரு டிரங்குப் பெட்டியும் சாமி படமுமாக வெளியேறியவர்கள் எத்தனை குடும்பங்கள்! அந்தக் காலத்தில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். பால்மரம் வெட்டியவர் தம் பெயரில் ஒரு சொத்துப் பத்திரத்தைப் பார்த்தது பல வீடுகளில் அதுதான் முதல் தடவை. அந்தச் சான்றிதழ் இன்னும் தாத்தாவின் பெயரிலேயே, அரிசி மூட்டைக்கு மேலே உள்ள தகரப் பெட்டியில் கிடக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கத் தெரிந்தது, அடுத்தவர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது தெரியவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பாடம் நடத்துவது பாதி வேலை. பாரம் நிரப்புவது மீதி வேலை. ‘டீச்சர், இதக் கொஞ்சம் பாத்து எழுதிக் குடுங்க’ என்று வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு சாவு நடந்து மூன்று மாதம் ஆனவர்கள். அவர்கள் கொண்டு வரும் பிளாஸ்டிக் பைகளிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இது தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குரிய சட்டம். நம் இந்திய முஸ்லிம் சகோதர சகோதரிகளுக்கு இஸ்லாமியப் பாகப்பிரிவினை முறை தனியாக இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். ‘புருஷன் எழுதி வைக்காமல் போனால் எல்லாம் பெண்டாட்டிக்குத்தானே?’ என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1997இல் அதைத் திருத்தினார்கள். உயில் இல்லாமல் ஒருவர் இறந்து, மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவகையினரும் உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளையில்லாத தம்பதியாக இருந்து பெற்றோர் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. மனைவி இறந்து கணவர் இருந்தாலும் இதே கணக்குத்தான்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். 180,000 வெள்ளி பெறுமான வீடு. கணவர் பெயரில் இருக்கிறது. அவர் போய்விட்டார். மாமனார் மாமியார் இருக்கிறார்கள், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மனைவியின் பங்கு 45,000 வெள்ளி. பிள்ளைகளுக்கு 90,000. மாமனார் மாமியாருக்கு 45,000. அவர்கள் நல்லவர்களாக இருந்து ‘எங்களுக்கு வேண்டாம், மருமகளே வைத்துக்கொள்ளட்டும்’ என்று விட்டுக்கொடுக்கலாம். நில அலுவலக விசாரணையில் அப்படி விட்டுக்கொடுக்க வழி உண்டு. ஆனால் ஆறு வயதுப் பிள்ளை விட்டுக்கொடுக்க முடியாது. பதினெட்டு வயது நிரம்பும்வரை அதன் பங்கு அதற்காகக் காத்திருக்கும். அதற்குள் கடன் நெருக்கி, வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீடாகப் போய்விடலாம் என்று தாய் நினைத்தால், நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். தாய் பிள்ளைகளுக்காக விற்பதற்குத்தான் இந்த அனுமதி! சட்டத்தைக் குறை சொல்லவில்லை. எல்லாத் தாயும் தகப்பனும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பிள்ளையின் பங்கைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் மனைவியை உங்களுக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. அதைத்தான் உயிலில் எழுதுகிறோம்.

பெயர் மாற்றாமலே இன்னொரு சாவும் விழுந்தால் கதை இன்னும் மோசம். மாமனாரின் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் பிரியும். அவர்களில் ஒருவர் போய்விட்டால் அவர் பிள்ளைகளுக்கு. தோட்டங்களைத் துண்டாடியது வெள்ளைக்காரன் என்கிறோம். ஓர் அறுபதடி நீள வீட்டை நாமே பதினேழு துண்டாக்கிவிடுகிறோம், ஒரு கையெழுத்துப் போடாத குற்றத்துக்காக.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருப்பவர்கள் ‘எங்களுக்குக் கவலையில்லை’ என்று இருந்துவிட வேண்டாம். இந்த நாட்டு நிலச் சட்டப்படி ஒருவர் போனதும் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேராது. அந்தப் பாதியும் மேலே சொன்னபடிதான் பிரியும்.

இனி, நம் சமூகத்தில் மட்டும் இவ்வளவு துன்பம் விளைவிக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு தாய். 2003இல் தோட்டத்துக் கோயிலில், ஊர் கூடி, மேளம் வைத்துத் தாலி கட்டிய கல்யாணம். பதிவு மட்டும் செய்யவில்லை. ‘லீவு கிடைக்கும்போது போய்க்கலாம்’ என்றார்களாம். பதினான்கு வருடம் லீவு கிடைக்கவில்லை. 2017இல் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். சேமநிதியில் அவர் பெயர் கொடுத்திருந்தது கல்யாணத்துக்கு முன்னால், தம் அக்காவுக்கு. பணம் முழுவதும் அக்காவின் கைக்குப் போனது. அந்த அக்கா கெட்டவர் அல்லர். அவருக்கும் மூன்று பெண்பிள்ளைகள், அவருக்கும் கடன். மூன்றில் ஒரு பங்கைத் தம்பி குடும்பத்துக்குக் கொடுத்தார், மீதியைக் கொடுக்கவில்லை. வழக்குப் போட முடியாது. ஏனென்றால் அது சட்டப்படி அவருடைய பணம்.

அடுத்து வீடு. மனுவை நிரப்ப உட்கார்ந்தோம். திருமணச் சான்றிதழ் எண் கேட்கும் இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அந்த அம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்துக் காட்டினார். கோயில் ரசீது வைத்திருந்தார். கழற்றிய தாலியை ஒரு சின்னப் பையில் போட்டு வைத்திருந்தார், அதையும் காட்டினார். இவற்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது? மூத்த பையன் ஐந்தாம் படிவத்தோடு நின்று லோரிக்குப் போய்விட்டான். நான் அங்கிருந்து மாறுதலாகி வரும்வரை வீடு இறந்தவர் பெயரிலேயேதான் இருந்தது.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை முறைப்படுத்திய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சமய வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே நம் பாட்டிமார் தப்பித்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை பதிவாக வேண்டும். பதிவாகாத கல்யாணம் செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. செல்லும் என்றும் செல்லாது என்றும் இரு விதமாகவும் தீர்ப்பு வந்திருக்கிறது. வழக்காட வசதியுள்ளவர்கள் வழக்காடலாம். பால்மாவு வாங்கக் காசில்லாத விதவை, தான் மனைவிதான் என்று நிரூபிக்க வக்கீலுக்கு எங்கே போவாள்? சொக்சோ ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். சொக்சோ பணம் யாருக்கு என்பதை அந்தச் சட்டமே சொல்கிறது. உயிலில் எழுதி அதை மாற்ற முடியாது.

ஆகவே, கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் இருப்பவர்கள் யாராக இருந்தாலும், பேரப்பிள்ளை எடுத்தவர்களாகவே இருந்தாலும், பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. முன்பு பிறந்த பிள்ளைகளின் சட்ட நிலையும் அதனால் சீராகும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கல்யாணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். எனவே முதலில் பதிவு, பிறகு உயில்.

சேமநிதி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள பெரிய சொத்து அதுதான். சேமநிதிப் பணத்துக்கு நீங்கள் யார் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களோ அவருக்கே அது போகும். பிறகு எத்தனை நல்ல உயில் எழுதினாலும் அது அந்தப் பெயரை அழிக்காது. பதினெட்டு வயதில் முதல் வேலைக்குப் போனபோது அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ கொடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நம்மில் ஏராளம். பெயர் கொடுத்தவர் நமக்கு முன்னால் இறந்துவிட்டால் அந்தப் பெயர் பயன்படாது. எவர் பெயரையுமே கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பம் பணத்தை முழுதாக எடுக்க நீண்ட நடை நடக்க வேண்டியிருக்கும். அடையாள அட்டையோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போய் ‘நான் யார் பெயரைக் கொடுத்திருக்கிறேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு வக்கீல் வேண்டாம். அரை நாள் போகும், அவ்வளவுதான். ஒருவருக்கு மேற்பட்டவர் பெயரையும் கொடுக்கலாம், இவருக்கு இத்தனை விழுக்காடு என்று பிரித்தும் கொடுக்கலாம். காப்புறுதிக்கும் கூட்டுறவுச் சங்கப் பங்குக்கும் இப்படிப் பெயர் கொடுக்கும் வழி உண்டு. கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு ஒவ்வொன்றுக்கும் பிறகு இந்தப் பெயர்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அதே சமயம், எழுதி வைத்தாலும் நிற்காதது ஒன்று இருக்கிறது. பட்டணத்து ஓரங்களிலும் பழைய இரயில் தண்டவாளத்துப் பக்கத்திலும் நம்மவர்கள் பலர் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் வீடு கட்டி வாழ்கிறார்கள். வருடா வருடம் நில அலுவலகத்தில் பணம் கட்டுவதால் நிலம் தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். அந்த உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு முடிந்துவிடும். பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. அப்பா நடமாட்டமாக இருக்கும்போதே நில அலுவலகத்தில் விசாரித்து, நிலப்பட்டாவுக்கு மனுப்போட வழியுண்டா என்று பார்த்துவிட வேண்டும். அவர் போன பிறகு புதிய மனுதாரராக நீங்கள் வரிசையின் கடைசியில் நிற்பீர்கள்.

பெயர்த் தகராறையும் சொல்லாமல் விட முடியாது. பிறந்த சூராவில் மணியம். அடையாள அட்டையில் சுப்பிரமணியம். வீட்டுக் கிராண்டில் எஸ். மணியம். அந்தக் காலத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார். நம் பாட்டன் கைநாட்டு வைத்தார். எழுபது வருடம் கழித்து, அந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்று பேத்தி சத்தியப் பிரமாணம் செய்து திரிகிறாள். உங்கள் வீட்டுத் தாள்களை ஒருநாள் மேசையில் பரப்பி, பெயரின் எழுத்துகளும் அட்டை எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது திருத்துவது எளிது.

உயில் எழுதுவது எப்படி? 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது அதிகமில்லை. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும். முத்திரை வேண்டியதில்லை; வக்கீல்தான் எழுத வேண்டும் என்பதுமில்லை. உங்கள் பெயர், அட்டை எண்; எதை யாருக்குக் கொடுக்கிறீர்கள், அவர்களுடைய அட்டை எண்; இதையெல்லாம் நிறைவேற்றி வைக்க ஒருவர், அவர் முடியாமல் போனால் இன்னொருவர். குறிப்பிடாமல் விட்டுப்போனவை எல்லாம் இன்னாருக்கு என்று ஒரு வரியும் எழுதிவிட வேண்டும். அந்த வரி இல்லாத உயில்களில் மறந்துபோன ஒரு பேங்குக் கணக்கு தனியாக நின்று தொல்லை கொடுக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால், இருவருமே இல்லாமல் போனால் யார் வளர்ப்பது என்றும் எழுதலாம்.

கையெழுத்துப் போடும்போது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மூத்த மருமகனைச் சாட்சி போட வைத்தால், மூத்த மகளுக்கு எழுதியது செல்லாது. சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அவர்களுக்குரிய பாகம் அடிபட்டுப் போகும் என்பது சட்டம். சொந்தக்காரரே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரையும் பள்ளிக்கூட ஆசிரியரையும் கூப்பிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். அவருக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டினோம், புரிந்துகொண்டார் என்று அடியில் எழுதியிருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும்.

‘அப்பா சாகும்போது வீட்டை எனக்குத்தான்னு சொன்னார்’ என்பது சட்டத்தில் நிற்காது. வாயால் சொல்லும் உயில் போர்க்களத்தில் இருக்கும் சிப்பாய் போன்ற சிலருக்குத்தான். கடைசி நேரத்தில் அப்பா சொன்னதை அண்ணன் ஒரு மாதிரியும் தம்பி ஒரு மாதிரியும் கேட்டிருப்பார்கள். இருவருமே பொய் சொல்லாமல் இருக்கலாம்.

எல்லா வீட்டுக்கும் உயில் அவசியமா என்றால், நான் மறைக்காமல் சொல்கிறேன். உயில் இருந்தால் பொதுவாக உயர்நீதிமன்றத்துக்குப் போய் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வக்கீல் செலவு உண்டு. உயில் இல்லாத வீடு நிலம் என்றால் நில அலுவலகமே பங்கீடு செய்யும். 2024 ஜூலை முதல் ஐம்பது இலட்சம் வெள்ளி வரையிலான சொத்து அங்கே தீர்கிறது. நிலமில்லாமல் பணமும் பொருளும் மட்டும் இருந்து, மதிப்பு 600,000 வெள்ளிக்கு மேற்போகாவிட்டால் அமானா ராயா நிறுவனத்துக்குப் போகலாம். சாவு வரி 1991லேயே ஒழிந்துவிட்டது. ஆகவே கல்யாணம் பதிவாகி, பிள்ளைகள் எல்லாரும் பெரியவர்களாகி, ஒற்றுமையாகவும் இருந்தால், சேமநிதிப் பெயரைச் சரிபார்த்துத் தாள்களை ஒழுங்காக வைத்திருப்பதே பலருக்குப் போதும். ஆனால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு, பதிவில்லாத கல்யாணம், இரண்டாம் தாரம், தத்துப் பதிவு இல்லாமல் வளர்த்த பிள்ளை, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை, பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பி — இவர்களில் ஒருவராக நீங்கள் இருந்தால் உயில் இல்லாமல் தூங்கக் கூடாது. வளர்ப்புப் பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு மிகவும் வருத்தம். தொட்டிலில் இருந்து எடுத்து வளர்த்து, கொள்ளி போட வைத்து, கடைசியில் நில அலுவலகத்தில் ‘நீ யார்?’ என்று கேட்க விட்டுவிடுகிறோம். உயிலில் அந்தப் பெயரை எழுதிவிட்டால் யாரும் கேட்க முடியாது.

அண்மைக் காலமாகக் கல்யாண மண்டபங்களில் கூட்டம் போட்டு, குளிர்பானம் கொடுத்து, உயில் எழுதித் தருவதாகப் பணம் வாங்குகிறார்கள். எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. விலை என்ன, வருடா வருடம் கட்ட வேண்டுமா, நிறைவேற்றுபவராக யார் பெயரைப் போடுகிறார்கள், அவருக்குக் கூலி என்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வசதி குறைந்தவர்கள் முதலில் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவில் ஆலோசனை கேட்கலாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், ‘என்ன, நான் எப்போ போவேன்னு பாக்கிறியா?’ என்று சீறுவார். பலர் அதோடு வாயை மூடிக்கொள்கிறீர்கள். அவர் உயிலைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள், உங்களுடையதை எழுதுங்கள். உங்களுக்கும் சேமநிதி இருக்கிறது, நகை இருக்கிறது. இந்தச் சங்கிலி பெரியவளுக்கு, இந்த வளையல் சின்னவளுக்கு என்று நீங்கள் எழுத உட்கார்ந்தால், அவர் தாமாகவே வந்து எட்டிப் பார்ப்பார். எங்கள் தோட்டத்தில் இரண்டு வீடுகளில் இப்படித்தான் நடந்தது. நகை அடகில் இருந்தால் சீட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். ஆறு மாதக் கெடு, துக்க வீடு என்று பார்த்து நிற்காது. யாருக்குக் கைமாற்றாக எவ்வளவு கொடுத்தீர்கள், சீட்டுப் பணம் எவ்வளவு நிற்கிறது என்பதும் ஒரு நோட்டில் இருக்கட்டும். சீட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் செய்தி இன்னும் நம் லயங்களுக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்த உயிலை எங்கே வைப்பது? சாமி படத்துக்குப் பின்னால் வைப்பவர்கள் உண்டு. கரையான் அங்கும் வரும். மூலப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுக் கிராண்டோடும் திருமணச் சான்றிதழோடும் ஒரே இடத்தில் வையுங்கள். நகல் மட்டும் போதாது. நீதிமன்றம் மூலத்தைத்தான் கேட்கும். நிறைவேற்றப்போகிறவருக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை இப்போதே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

நில அலுவலக விசாரணைக்கு எந்தெந்தத் தாள்களை எடுத்துப்போக வேண்டும், பெயர் மாறியிருந்தால் சத்தியப் பிரமாணத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம். கேள்வி இருப்பவர்கள் எழுதுங்கள். வீட்டுச் சண்டை முழுவதையும் எழுத வேண்டாம், யார் பெயரில் என்ன இருக்கிறது என்பது மட்டும் போதும்.